கண்ணீர் அஞ்சலியும் குளோன் ஸ்டாம்ப்பும்

தெருமுனையில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களை நின்று பார்க்கிற பழக்கம் உங்களுக்கு உண்டா? எனக்கு உண்டு. வாழ்நாளில் கோட்டே போட்டிராத பெரியவருக்கு நேவி ப்ளூ கோட்டு, சிவப்பு டை. கழுத்துக்கும் காலருக்கும் சம்பந்தமே இருக்காது. தலைக்கு இடப்பக்கமிருந்து வெளிச்சம், கோட்டுக்கு வலப்பக்கமிருந்து. பின்னால் ஸ்விட்சர்லாந்து மலை. முகம்? அறுபது வருஷம் வெயிலில் கறுத்த முகம், பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகியிருக்கும். சுருக்கம் காணோம். மச்சம் காணோம். வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும் பேரனுக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வரும்.

படத்தைச் செய்த பையனைத் திட்டிப் பிரயோஜனமில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு ஆதார் கார்டு ஜெராக்ஸையோ, கல்யாண குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் எட்டிப் பார்க்கும் ஒரு தலையையோ கொண்டுவந்து கொடுத்து, 'விடியறதுக்குள்ள போஸ்டர் ஒட்டணும் தம்பி' என்பார்கள். அவன் எதைக் கற்றானோ அதைத்தானே செய்வான்? என் சண்டை, அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர்களோடு.

போட்டோஷாப் சொல்லித் தரும் தமிழ்ப் புத்தகங்கள், கம்ப்யூட்டர் சென்டர் நோட்ஸ், இப்போது யூட்யூப் வீடியோக்கள் என்று கையில் கிடைத்ததையெல்லாம் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் முதல் பாடம், டூல் பாக்ஸ். மார்க்கீ டூல், லாஸோ டூல், மேஜிக் வாண்ட் என்று மேலிருந்து கீழே வரிசையாக. அப்புறம் ஃபில்டர்கள். எழுத்தில் தீப்பிடிப்பது எப்படி, தங்கம் பூசுவது எப்படி. எந்த பட்டனை அழுத்தினால் என்ன ஆகும் என்று இருக்கிறது. எப்போது அழுத்தக் கூடாது என்று ஒரு வரி கிடையாது. சமையல் கற்க வந்தவனிடம் இது ஜல்லிக்கரண்டி, இது தோசைத்திருப்பி என்று பெயர் சொல்லிக் கொடுத்து சர்ட்டிஃபிகேட்டும் கொடுத்து அனுப்புகிற மாதிரி.

இத்தனைக்கும் இந்த மென்பொருள் பிறந்த கதையிலேயே முதல் பாடம் இருக்கிறது. 1987-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த தாமஸ் நோல், தன் மேக்கின்டாஷின் கறுப்பு-வெள்ளைத் திரையில் சாம்பல் நிறப் படிகளைக் காட்ட ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். சினிமா கிராஃபிக்ஸ் கம்பெனியில் இருந்த அண்ணன்-தம்பி உறவான ஜான் நோல் சேர்ந்துகொள்ள, அது வளர்ந்து, 1990 பிப்ரவரியில் அடோபி நிறுவனம் போட்டோஷாப் என்று வெளியிட்டது. ஆக, இது சாம்பலை ஒழுங்காகக் காட்டுவதற்காகப் பிறந்த பிள்ளை. நாம் அதை வைத்துச் சாம்பலை அழித்துக்கொண்டிருக்கிறோம்.

எப்படி என்று பார்க்கலாம். 'லெவல்ஸ்' என்று ஒரு சமாசாரம் உண்டு. திறந்தால் மலை மாதிரி ஒரு வரைபடம். இடது கோடி 0, அதாவது முழுக் கறுப்பு. வலது கோடி 255, முழு வெள்ளை. பீரோவில் கிடந்து மங்கிப்போன பழைய போட்டோவை ஸ்கேன் செய்து திறந்தால், மலை நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும். கீழே மூன்று குட்டி முக்கோணங்கள். இடது முக்கோணத்தை மலையின் இடது அடிவாரத்துக்கு, வலதை வலது அடிவாரத்துக்கு நகர்த்தினால் போதும். புகைமூட்டம் விலகிய மாதிரி படம் எழுந்து உட்காரும். இரண்டு நிமிஷ வேலை. வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் இன்றைக்கே செய்து பாருங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டாம், இலவசமாகக் கிடைக்கும் கிம்ப்பிலும் இதே லெவல்ஸ் இருக்கிறது.

வில்லன், நடு முக்கோணம். அதை இடப்பக்கம் இழுத்தால் நடுத்தரச் சாம்பல் எல்லாம் வெளுக்கும். கறுத்த முகத்தின் பெரும்பகுதி அந்த நடுத்தரத்தில்தான் இருக்கிறது. மூக்கு எங்கே எழும்புகிறது, கன்னம் எங்கே இறங்குகிறது என்பதைக் கண்ணுக்குச் சொல்வதே நிழல்தான். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது முகம் இல்லை, கண் வரைந்த எவர்சில்வர் தட்டு. பாக்கியிருக்கும் சுருக்கங்களையும் பிளர் போட்டுத் தேய்த்துவிட்டால் காரியம் முடிந்தது.

1994 ஜூனில் அமெரிக்காவில் இதற்கு நேர் எதிரான கூத்து ஒன்று நடந்தது. கொலை வழக்கில் கைதான கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சனின் போலீஸ் போட்டோவை 'டைம்' பத்திரிகை அட்டையில் போட்டது, நன்றாகக் கறுக்க வைத்து. அதே வாரம் 'நியூஸ்வீக்' அதே போட்டோவைக் கைவைக்காமல் போட்டது. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கினால் என்ன ஆகும்? பெரிய ரகளை ஆயிற்று. அங்கே குற்றவாளியாகக் காட்டக் கறுப்பாக்கினார்கள், இங்கே கௌரவமானவராகக் காட்ட வெள்ளையாக்குகிறோம். முக்கோணம் நகரும் திசைதான் வேறு. நினைப்பு ஒன்றுதான்.

அடுத்தது குளோன் ஸ்டாம்ப். ஓரிடத்தை ஆல்ட் அழுத்தித் தொட்டு, அதை இன்னோரிடத்தில் பூசுவது. கிழிசல், கறை நீக்க அருமையான கருவி. சோம்பேறி கையில் கிடைத்தால் ஒரே முத்திரை திரும்பத் திரும்ப விழும். 2006 லெபனான் போரின்போது பெய்ரூட் வானத்துப் புகையை இப்படிப் பூசிப் பெருக்கிய ஒரு போட்டோ ராய்ட்டர்ஸ் வழியாக வெளியானது. ஒரே சுருள் வரிசையாக இருப்பதை இணையத்தில் பொதுஜனங்களே கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தப் போட்டோகிராபரின் 920 படங்களையும் ராய்ட்டர்ஸ் விலக்கிக்கொண்டது. இந்த ஒரு படத்தை வகுப்பில் காட்டினால் ஒரு மாதப் பாடம் மிச்சம்.

நான் பி.காம். படித்தவன். கணக்கில் தப்பு வந்தால் பழைய எண்ணைச் சுரண்டி அழிக்கக் கூடாது, திருத்தப் பதிவு ஒன்று தனியாகப் போடு என்பார் எங்கள் அக்கவுண்டன்சி வாத்தியார். போட்டோஷாப்பில் லேயர் வந்தது 1994-ல், மூன்றாம் பதிப்பில். அதன் தர்மமும் இதுவேதான். அசல் படம் அடியில் அப்படியே இருக்கட்டும், திருத்தம் மேலே தனி அடுக்கில். பிடிக்கவில்லையா, அடுக்கைத் தூக்கு. நம் பையன்கள் அசலின் மேலேயே தேய்த்து சேவ் கொடுத்துவிடுகிறார்கள். சில குடும்பங்களுக்கு அந்தத் தாத்தாவின் ஒரே போட்டோ அதுதான் என்பது யாருக்காவது உறைக்க வேண்டாமா?

டிசைன் பற்றியும் கொஞ்சம். ராபின் வில்லியம்ஸ் என்ற அம்மையார் (நடிகர் இல்லை) 1994-ல் டிசைனர் அல்லாதவர்களுக்காக ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். வித்தியாசம் பளிச்சென்று தெரியட்டும், ஒரே பாணி திரும்ப வரட்டும், ஒரு கோட்டில் நிற்கட்டும், சம்பந்தப்பட்டவை பக்கத்தில் இருக்கட்டும். மொத்தமே நாலு விஷயம். நம்மூர் ஃப்ளெக்ஸில் ஆறு ஃபான்ட், ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று பார்டர், ஒரு நிழல். காலி இடம் விட்டால், 'அதுக்கும் சேர்த்துத்தானே ஸ்கொயர் ஃபீட் காசு வாங்கறே?' என்று கேட்பார்களாம்.

இங்கிலீஷ் பாடத்தை அப்படியே ஒப்பிப்பதில் இன்னொரு சங்கடம். அதில் வரி இடைவெளி எழுத்தின் அளவைப் போல 120 சதவீதம். நம் எழுத்துக்கு மேலே கொக்கி, கீழே சுழி. 'மூ'வின் வால் அடுத்த வரி 'கீ'யின் தலையில் இடிக்கும். தடித்த பார்டர் போட்டால் 'ண'வின் சுழிகள் அடைத்துப்போய் வெறும் கட்டி. இதைத் தமிழில் சொல்லித் தராமல் வேறு எதில் சொல்லித் தருவது?

2023-ல் போட்டோஷாப்புக்குள்ளேயே ஜெனரேட்டிவ் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. இனி எதற்கு இதெல்லாம் என்று கேட்கலாம். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் கிடைப்பது சுமார் 400 புள்ளி அகலம். போஸ்டருக்குக் குறைந்தது 2000 வேண்டும். பாக்கிப் புள்ளிகளை இயந்திரம் தானே கற்பனை செய்து நிரப்புகிறது. ரொம்பத் தெளிவாக, ரொம்ப அழகாக ஒரு தாத்தா வருகிறார். உங்கள் தாத்தாதானா என்பதற்கு அது பொறுப்பில்லை. எனவே வாட்ஸ்அப்பில் நாலு கை மாறிய படத்தைக் கொடுக்காதீர்கள். ஆல்பத்திலிருந்து அசல் பிரின்ட்டையே எடுத்துப்போய், 600-ல் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

வாடிக்கையாளர் யோக்கியதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஃபிலிம் காலத்திலேயே ஸ்டூடியோக்களில் நெகட்டிவின் மேல் பென்சிலால் தீற்றிச் சுருக்கம் எடுத்தவர்கள் உண்டு. 'கொஞ்சம் கலரா பண்ணிக் குடுங்க' என்பது அன்றும் கேட்ட குரல்தான். எனக்குத் தெரிந்த ஸ்டூடியோக்காரர் ஒருவர் இப்போதெல்லாம் இரண்டு படம் செய்து மேஜையில் வைக்கிறார். ஒன்று கேட்டபடி வெளுத்தது, இன்னொன்று லெவல்ஸ் மட்டும் சரிசெய்தது. போஸ்டருக்குப் பெரும்பாலும் வெளுத்ததைத்தான் எடுக்கிறார்களாம். காரியமெல்லாம் முடிந்து பதினாறு நாள் கழித்து, 'அந்த இன்னொண்ணு இருக்கா சார்?' என்று வருகிறவர்களும் இருக்கிறார்களாம். அதனால் அதை அவர் அழிப்பதில்லை.