ஐந்து அச்சும் ஒரு சக்கும்

அவிநாசிப் பக்கம் ஆயிரம் அடி போர் போட்டும் புழுதிதான் பறந்தது என்ற கதை தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு. அந்த ஆழத்தில் தொங்கும் சப்மெர்சிபிள் பம்புகள் பலவற்றில் அடுக்கடுக்காகச் சுற்றுவது நோரில் என்ற பிளாஸ்டிக்கில் செய்த இம்பெல்லர். கடைக்கு வருவது மோல்டில் அடித்தது. மோல்டுக்குப் பணம் போடுமுன், முறுக்கின இறக்கைகளோடு ஒரு மாதிரியைப் பிளாஸ்டிக் கட்டியிலிருந்து கடைந்து ஓட்டிப் பார்க்கலாம்.

பிளாஸ்டிக் வேலைக்கு ஐந்து அச்சு சிஎன்சி வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. இறக்கை வளையும் பக்கமெல்லாம் கட்டரும் சாய்ந்து கொடுக்காவிட்டால் பக்கத்து இறக்கையில் இடிக்கும். இதில் எனக்கு மறுப்பில்லை. மேல் மூடியோடு ஒரே துண்டாகக் கேட்டால் மட்டும் அந்த மெஷினுக்கும் எட்டாத மூலை வரும். மூடியைத் தனியே கடைந்துதான் ஒட்ட வேண்டியிருக்கும்.

ஆனால் பட்டறைக்கு வரும் ஆர்டரில் இம்பெல்லர் எத்தனை? நைலான் கியர், டெல்ரின் புஷ், மில் மெஷினுக்கான கைடு, டெஃப்லான் சீட்டு என்றுதான் பெரும்பகுதி போகிறது. இவை ரிஜெக்ட் ஆகும் காரணமே வேறு.

100 மி.மீ. டெல்ரின் துண்டை 34 டிகிரி பட்டறையில் அளவாக முடித்து, 20 டிகிரி அளவுக்கூடத்தில் வையுங்கள். சுமார் 0.15 மி.மீ. சுருங்கியிருக்கும். அதே நீள இரும்பில் 0.016தான். நைலான் 6, காற்றிலுள்ள ஈரத்தையே குடித்து எடையில் 3 சதவீதம் வரை கூடி உப்பும். டெஃப்லான் 19 டிகிரியை ஒட்டித் தன் படிக அமைப்பையே மாற்றிக்கொண்டு, கன அளவில் ஒரு சதவீதம்போலத் தாவுகிறது. அளவெடுக்க உலகம் ஒத்துக்கொண்ட வெப்பநிலையோ 20 டிகிரி! ஏசி கொஞ்சம் கூடக்குறைய ஓடினால் ரிப்போர்ட்டே மாறிப்போகும். மெஷின் விற்க வருபவர்கள் இதைப் பேசி நான் கேட்டதில்லை.

அடுத்தது பிடிப்பு. டெல்ரினின் விறைப்பு இரும்பில் எழுபதில் ஒரு பங்குதான். மெல்லிய வளையத்தை மூன்று ஜா சக்கில் இறுக்கி உள்துளை கடைந்தால், சக்கில் இருக்கும்வரை டயல் முள் அசையாது. சாவியைத் தளர்த்தியதும் வட்டம் மூன்று மூலையாகிவிடும். ஐந்து அச்சுக்காரர்களின் இரண்டாவது வாதம் இங்கே எடுபடுகிறது: ஒரே பிடிப்பில் ஐந்து பக்கமும் முடிந்தால் திருப்பித் திருப்பிக் கவ்வ வேண்டாம். உண்மை. ஆனால் அதற்கு ஐந்தும் ஒருசேர அசைய வேண்டியதில்லை; டேபிளைச் சாய்த்துப் பூட்டினால் போதும். பாதி வேலைக்குச் சாதாரண மூன்று அச்சு விஎம்சியில் ஏற்றிய ரோட்டரி டேபிளே தாங்கும். இன்னொன்று, கடைய வரும் பிளாஸ்டிக் ராடுக்குள்ளேயே உறைந்திருக்கும் உள் இழுவையை எந்த அச்சும் எடுக்காது. முரட்டு வெட்டு முடித்து, ஓவனில் வைத்து, மெல்ல ஆறவிட்டு, பிறகு ஃபினிஷ் வெட்டினால்தான் அது அடங்கும்.

ஆகவே, வளைந்த இறக்கை வேலை மாதாமாதம் கையில் இருப்பவர் தயங்காமல் வாங்கலாம். மற்றவர்கள் வாங்குவது இப்போதைக்கு வீண் கடன். அதில் ஒரு சிறு பங்கை ஓவனுக்கும் ஏசி அறைக்கும் சாஃப்ட் ஜாவுக்கும் போட்டால் ரிஜெக்ட் குறையும். எத்தனை டிகிரியில், எத்தனை மணி நேரம் வைத்து அளப்பது என்பதை டிராயிங்கிலேயே எழுதி வாங்க ஒரு பைசா செலவில்லை.