குதிரையில் வந்தது யார்?
‘விடாது கருப்பு’ தொடரும் நேயர்களின் முதல் தீர்ப்பும்

வாசகர்களே, ஒரு கூடத்தை மனத்தில் கொண்டு வாருங்கள். 1990களின் பிற்பகுதி. மதுரைக்கு வெளியே, கண்மாய்க் கரையை ஒட்டிய ஒரு சிற்றூர். அந்தத் தெருவில் கேபிள் இணைப்பு உள்ள வீடு ஒன்றுதான். அக்கம்பக்கத்தார் எல்லாரும் அங்கே கூடியிருக்கிறார்கள். தொலைக்காட்சியில் புதிய தொடர் ஒன்றின் முதல் பகுதி ஓடி முடிகிறது. இருட்டு, குதிரை, சாமியின் தண்டனையைப் பற்றி அஞ்சி அஞ்சிப் பேசும் ஊர். “அடுத்த வாரம்” என்று காட்டி மறைந்துவிடுகிறது.

“வந்தது கருப்பன்தாண்டா. தப்புச் செஞ்சவனை விடமாட்டான்” என்கிறார் சுவரோரம் சாய்ந்திருக்கும் அப்பத்தா.

“போங்க அப்பத்தா! எவனோ வேஷம் கட்டிக்கிட்டு வர்றான்” என்கிறான் கல்லூரியில் படிக்கும் பேரன்.

தொடர் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் இரண்டு தீர்ப்புகள்! இது கற்பனைக் கூடம்தான். ஆனால் அந்த நாளில் இத்தொடரைப் பார்த்த எந்த வீட்டாரும் இந்த உரையாடலைத் தங்கள் வீட்டுப் பேச்சாகவே அடையாளம் கண்டுகொள்வார்கள். தொடரின் பெயர் ‘விடாது கருப்பு’. ‘மர்மதேசம்’ வரிசையில் சன் தொலைக்காட்சியில் வாரம் ஒருமுறை வந்தது. மதுரையில் வாழ்ந்து 2024 நவம்பரில் மறைந்த எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய ‘விட்டுவிடு கருப்பா’ என்ற கதையே இதன் மூலம். இயக்கியவர் நாகா. கே. பாலசந்தரின் நிறுவனம் தயாரித்தது.

இத்தொடரின் நடிப்பையும் ஒளிப்பதிவையும் பலர் பாராட்டியிருக்கிறார்கள். நாம் இங்கே ஆராயப் போவது வேறு. முதல் பகுதியைக் கண்டதும் நேயர்கள் ஏன் அவ்வளவு விரைவாகத் தீர்ப்புச் சொன்னார்கள்? கடைசிப் பகுதி அந்தத் தீர்ப்பை மாற்றியபோது, அவர்கள் சிந்திக்கும் முறையும் மாறியதா?

வெறும் மனத்தோடு பார்த்தவர் எவர்?

துப்பறியும் கதையில் வாசகர் மனம் வெற்றுப் பலகையாக இருக்கிறது என்று எண்ணுவது வழக்கம். அது சரியன்று. மதுரைச் சீமையில் கருப்பசாமி கதைப் பாத்திரம் அல்லர். ஊர் எல்லையைக் காக்கும் தெய்வம். மதுரைக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பசாமிக்குச் சிலை கிடையாது. மூடிய பெருங்கதவுக்கே சந்தனம் பூசி வணங்குகிறார்கள். தீராத வழக்குகளில் அந்தப் படியில் நின்று சத்தியம் செய்வது நெடுநாள் வழக்கம். பொய்ச் சத்தியம் செய்தவனைக் கருப்பன் விடமாட்டான் என்பது நம்பிக்கை. ஊர்ப்புறத்து ஐயனார் கோவில்களில் வரிசையாக நிற்கும் மண் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். இரவில் காவல் தெய்வம் குதிரையேறி ஊரைச் சுற்றிவரும் என்று கேட்டே இங்குள்ள குழந்தைகள் வளர்கிறார்கள்.

ஆகவே திரையில் குதிரைக் குளம்பொலி கேட்டபோது அப்பத்தாவுக்கு விடை முன்பே தயாராக இருந்தது. பேரனுக்கும் அப்படித்தான். அவன் படித்த பாடப்புத்தகம் அவனுக்கு வேறொரு விடையைத் தயாராக வைத்திருந்தது. இருவருமே திரையில் கண்டதைக் கொண்டு முடிவு செய்யவில்லை. கொண்டுவந்த முடிவைத் திரையில் கண்டார்கள்.

முக்கோணமும் வட்டமும்

செயல் ஒன்று நடந்தால் அதற்குப் பின்னால் “யாரோ” இருக்க வேண்டும் என்று தேடுவது மனித மனத்தின் இயல்பு. 1944இல் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்னும் இரு உளவியலார் அமெரிக்காவில் ஒரு சிறு படம் தயாரித்தார்கள். அதில் ஒரு பெரிய முக்கோணம், ஒரு சிறிய முக்கோணம், ஒரு வட்டம், திறந்து மூடும் கதவுடைய ஒரு செவ்வகம் ஆகியவை மட்டுமே உண்டு. அவை அங்குமிங்கும் நகரும், அவ்வளவுதான். என்ன கண்டீர்கள் என்று 34 பேரைக் கேட்டார்கள். ஒரே ஒருவர் மட்டும் “வடிவங்கள் நகர்ந்தன” என்று எழுதினார். மற்ற அனைவரும் உயிருள்ளவற்றின் செயலாக, அதிலும் பெரும்பாலும் மனிதர்களின் கதையாக எழுதினார்கள். பெரிய முக்கோணம் முரடன் என்றும், வட்டம் அஞ்சி ஒளிகிறது என்றும் சொன்னார்கள்!

வெறும் கோடுகளுக்கே நோக்கமும் கோபமும் ஏற்றிச் சொல்லும் மனம், இருட்டில் வரும் குதிரைக்கு ஒரு நோக்கத்தை ஏற்றாமல் விடுமா? அப்பத்தாவைப் பார்த்துப் புன்னகை செய்யும் முன் இதை நினைவில் கொள்ள வேண்டும். அது அறியாமை அன்று. நம் எல்லாருக்கும் பொதுவான மூளையின் வேலை.

இசை சொன்ன சாட்சியம்

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. இத்தொடரைச் சிறு வயதில் பார்த்தவர்களிடம் இன்று கேட்டுப் பாருங்கள். கதையை மறந்தவர்கள்கூடத் தலைப்பு இசையைக் கேட்டதும் போர்வைக்குள் புகுந்துகொண்டதை மறந்திருக்க மாட்டார்கள். ருசிய அறிஞர் பாவ்லவின் நாயை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். உணவோடு சேர்ந்து திரும்பத் திரும்ப ஒலித்த ஓசை, பின்னர் உணவு இல்லாமலே எச்சிலை ஊறச் செய்தது. அதுபோல, அச்சமூட்டும் காட்சியோடு சேர்ந்து ஒலித்த இசை, நாளடைவில் தனியாகவே அச்சத்தை ஊட்டுகிறது.

இங்கே ஒரு குறையைச் சுட்ட வேண்டும். வழக்குமன்றத்தில் சாட்சி கூண்டில் நின்று பேசுவார். பின்னணி இசை ஒலிக்காது. மர்மத் தொடரிலோ இசையும் ஒரு சாட்சி. குறுக்கு விசாரணை செய்ய முடியாத சாட்சி அது. “இது மனிதச் செயல் அன்று” என்று இசை நம் காதில் ஓதிக்கொண்டே இருக்கிறது. முதல் பகுதியிலேயே நேயர்கள் பலர் சாமியின் பக்கம் சாய்ந்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

2, 4, 6

இனி, தீர்ப்புச் சொன்ன பிறகு நடப்பதைக் காண்போம். 1960இல் பீட்டர் வேசன் என்னும் ஆங்கில உளவியலார் 29 மாணவர்களிடம் ஓர் எளிய சோதனை நடத்தினார். “2, 4, 6 என்னும் மூன்று எண்களும் ஒரு விதிக்கு உட்பட்டவை. நீங்களாக மும்மூன்று எண்களைச் சொல்லுங்கள். அவை விதிக்குப் பொருந்துமா இல்லையா என்று சொல்வேன். விதி எது என்று உறுதியானதும் கூறுங்கள்” என்றார்.

பெரும்பாலோர் “இரண்டு இரண்டாகக் கூடுகிறது” என்று மனத்தில் கொண்டார்கள். 8, 10, 12 என்று கேட்டார்கள், பொருந்தும் என்றார். 20, 22, 24, அதுவும் பொருந்தும். மகிழ்ச்சியோடு விதியைச் சொன்னார்கள். தவறு! உண்மையான விதி, “எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும்” என்பது மட்டுமே. 1, 7, 20 என்று ஒருமுறை கேட்டிருந்தால் தம் எண்ணம் தவறு என்று அறிந்திருப்பார்கள். ஆனால் தம் எண்ணத்தை உடைக்கக்கூடிய கேள்வியைக் கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை. முதல் முறையிலேயே சரியான விதியைச் சொன்னவர்கள் 6 பேர் மட்டுமே.

நம் கூடத்துக்குத் திரும்புவோம். கொலையுண்டவன் தீயவனாக இருந்தால், “பார்த்தாயா, கருப்பன் தண்டித்துவிட்டான்” என்பார் அப்பத்தா. நல்லவனாக இருந்தால், “நமக்குத் தெரியாமல் என்ன பாவம் செய்தானோ” என்பார். பேரனும் சளைத்தவன் அல்லன். வேடமிட்டவன் அகப்பட்டால் அவன் சொன்னது சரி, அகப்படாவிட்டால், “பெரிய கெட்டிக்காரன்!” இருவர் கருத்தும் எந்த வாரக் காட்சியாலும் தோற்காது. தோற்கவே முடியாத கருத்தை அறிவியல் கருதுகோளாக ஏற்பதில்லை. “எது நடந்தால் என் எண்ணம் தவறாகும்?” என்ற கேள்விக்கு விடை இருந்தால்தான் அது கருதுகோள்.

ஏழு நாள் பேச்சு

அந்தக் காலத்து நேயருக்கு ஒரு வசதி இருந்தது. ஏழு நாள் காத்திருப்பு. 1928இல் மரியா ஓவ்சியாங்கினா என்னும் ஆய்வாளர், பாதியில் தடுக்கப்பட்ட வேலையைக் கண்டால் மனிதர்கள் யாரும் சொல்லாமலே மீண்டும் எடுத்துச் செய்ய முற்படுகிறார்கள் என்று காட்டினார். பாதியில் நின்ற கதையும் அப்படித்தான். கிணற்றடியிலும் பேருந்திலும் தேநீர்க் கடையிலும் அதை ஊர் முழுதும் மீண்டும் எடுத்துப் பேசியது. ஒருவர் தீர்ப்பை மற்றவர் மறுக்க நேரம் கிடைத்தது. 2022 ஜூனில் வெளியான ‘சுழல்’ என்ற குற்றத் தொடரின் எட்டுப் பகுதிகளும் ஒரே நாளில் இணையத்தில் வந்துவிட்டன. விரும்பியவர் ஓரிரவில் விடையை அறிந்துகொண்டார். ஊகம் செய்து, தவறி, திருத்திக்கொள்ளும் இடைவெளி சுருங்கிவிட்டது. இதை இழப்பு என்றே கருதுகிறேன்.

கோடாங்கியும் டாக்டரும்

தொடரின் முடிவைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. இதுவரை பார்க்காதவர்கள் பொறுத்தருள வேண்டும். குதிரையில் வந்தது சாமி அன்று. சிறு வயதில் பெரும் அதிர்ச்சிக்கு ஆளான ஓர் இளைஞன், தன்னை அறியாமலே கருப்புவாக மாறிக் கொலை செய்தான் என்று மருத்துவ விளக்கம் தரப்படுகிறது. பன்முக ஆளுமை என்ற சொல் பல தமிழ் வீடுகளுக்குள் நுழைந்தது இத்தொடரால்தான் எனலாம்.

மர்மத்தைத் தெய்வத்தின் மேல் போட்டுவிட்டுத் தப்பாமல், காரணம் தேடியதற்குத் தொடரைப் பாராட்ட வேண்டும். அமெரிக்காவில் 1990 ஏப்ரலில் தொடங்கிய ‘ட்வின் பீக்ஸ்’ தொடரும் “கொன்றது யார்?” என்ற கேள்வியோடு நேயர்களைப் பித்தாக்கியது. அங்கே இறுதியில் ஒரு தீய ஆவி மனிதனுக்குள் புகுந்ததாகவே கதை சென்றது. மின்னணுப் பொறிகளின் நாட்டில் ஆவி. குலசாமிகளின் நாட்டில் மருத்துவம்!

ஆயினும் அந்த மருத்துவம் எவ்வளவு சரியானது? இந்நோய்க்கு 1994இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு புதுப்பெயர் இட்டது. விலகல் அடையாளக் கோளாறு என்று அதைச் சொல்லலாம். குழந்தைப் பருவக் கொடுமைகளோடு இதற்குத் தொடர்பு உண்டு என்று பலர் கருதுகிறார்கள். அது எப்படி உண்டாகிறது என்பதில் அறிஞர்களிடையே விவாதம் ஓயவில்லை. ஆனால் ஒன்று தெளிவு. இந்நோயாளிகள் பிறரைக் கொல்லத் திரிபவர்கள் அல்லர். பெரும்பாலும் தங்களைத் தாங்களே வருத்திக்கொள்பவர்கள். இதை மனச்சிதைவு நோயோடு குழப்புவதும் தவறு. சுமார் 300 பேரில் ஒருவருக்கு வரும் அந்த நோய் வேறு. அதில் ஒருவர் இருவராக மாறுவதில்லை.

இவற்றை நேயர்களில் எத்தனை பேர் கேட்டார்கள்? முதல் பகுதியில் “சாமி” என்று நம்பியவர்கள் கடைசிப் பகுதியில் “நோயாளி” என்று நம்பினார்கள். நம்பும் பொருள் மாறியது. நம்பும் முறை மாறவில்லை. கோடாங்கியின் உடுக்கைக்குத் தலையாட்டியது போலவே திரையில் வந்த டாக்டரின் சொல்லுக்கும் தலையாட்டினார்கள். சாமியின் இடத்தில் கொலைகார மனநோயாளி குதிரையேறிக்கொண்டான்.

இது வெறும் கதைச் சண்டை அன்று. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. 28 பேர் மாண்டார்கள். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. பேய் என்று அஞ்சினாலும், கொலை செய்வான் என்று அஞ்சினாலும், கை தேடுவது அதே சங்கிலியைத்தான். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எவ்வகையிலும் கூடாது என்று தடுக்கிறது. 2022 முதல் 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் அரசின் மனநல ஆலோசனை கிடைக்கிறது. அச்சத்தைச் சட்டத்தால் மட்டும் அகற்ற இயலாது. அது கூடத்தில் நடக்கும் பேச்சில்தான் தொடங்குகிறது.

நீங்களே செய்து பாருங்கள்

மாணவர்களே, ஏதேனும் ஒரு மர்மத் தொடரின் முதல் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். நண்பர்களை இரு குழுவாகப் பிரியுங்கள். ஒரு குழு ஒலியோடு பார்க்கட்டும். மற்றது ஒலியை நிறுத்தி, வசனத்தை மட்டும் எழுத்தில் படித்துப் பார்க்கட்டும். முடிந்ததும் யாரோடும் பேசாமல் ஒவ்வொருவரும் ஒரு தாளில் மூன்று வரி எழுத வேண்டும். குற்றவாளி யார்? எந்தக் காட்சியால் அப்படி நினைத்தாய்? எதைக் கண்டால் உன் எண்ணத்தை மாற்றிக்கொள்வாய்? தாள்களை உறையிலிட்டு ஒட்டி, கடைசிப் பகுதி முடிந்ததும் பிரியுங்கள்.

யார் சரியாகச் சொன்னார் என்பதை எண்ண வேண்டாம். குருட்டாம்போக்கில் சொன்னதும் பலிக்கும். மூன்றாம் வரியை எழுத முடியாமல் தாளை வெறுமையாக விட்டவர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். வீட்டில் அப்பத்தா இருந்தால் அவருக்கும் ஒரு தாள் கொடுங்கள். எழுதத் தெரியாதவராயின் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். ஒருவேளை உங்களைவிட நல்ல மூன்றாம் வரியை அவர் சொல்லக்கூடும்.