கத்தரித்த ஓரங்கள்

இயற்கையைப் பற்றிய கலை என்றாலே நம்மவர்களுக்கு உடனே ஒரு மனநெகிழ்வு வந்துவிடுகிறது. காடு அழிகிறது, கலைஞர் அழுகிறார், நாமும் கொஞ்சம் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகலாம். பெர்லினில் இயங்கிவரும் கிளேர் செலஸ்ட் பெர்ஷின் காகித நிர்மாணங்களை இப்படிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட முடியாது.

அவர் செய்வது இதுதான்: பதிப்புரிமை காலாவதியாகிப் பொதுவாகிவிட்ட பழைய தாவரவியல், விலங்கியல் படங்களை எடுத்து, கையால் கத்தரித்து, அடுக்கடுக்காகக் கோர்த்து ஒரு அறையையே காடாக்குகிறார். அந்த விஞ்ஞானப் படங்கள் செடியை மண்ணிலிருந்து, பூச்சியிலிருந்து, அதைப் பறித்துத் தந்த மனிதரிடமிருந்து பிரித்து வெள்ளைத் தாளில் தனியே நிறுத்தியவை. வகைப்படுத்துவது ஆள்வதன் இன்னொரு பெயர். பெர்ஷின் கொலாஜ் பிரித்து வைத்ததை மறுபடி நெருக்கியடித்துச் சேர்க்கிறது. அட்டவணை கலைகிறது. இதில் அரசியல் இருக்கு, சந்தேகமில்லை.

ஆனால் எதை வெட்டுகிறோம்? 1838 முதல் 1853 வரை சென்னையில் ராபர்ட் வைட் வெளியிட்ட தொகுதிகளில் 2,000க்கு மேற்பட்ட தாவரப் படங்கள். ரங்கையா, கோவிந்து என்ற ஓவியர்களின் பெயர்கள் பல படங்களின் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் கிடக்கின்றன. கோவிந்துவின் பெயரை வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே சூட்டினார். வகைப்பாடு பின்னால் அதையும் வேறொரு பேரினத்துக்குள் கரைத்துவிட்டது. அவங்களுக்காவது ஓரத்தில் ஒரு பெயர் மிஞ்சியது. ராக்ஸ்பரோவின் சோழமண்டலக் கரைத் தாவர நூலுக்கு (1795-1820) வரைந்து கொடுத்த இந்திய ஓவியர்களுக்கு அதுவும் இல்லை.

இவர்களுடைய படங்களைத்தான் பெர்ஷ் வெட்டினார் என்று சொல்ல வரவில்லை. கேள்வி இந்த வடிவத்தைப் பற்றியது. பூவின் விளிம்பைத் தொட்டுக் கத்தரி ஓடும்போது, கீழே விழுகிற தாளோடு வரைந்த கையின் பெயரும் விழுகிறது. காலனியம் செடியை மண்ணிலிருந்து வெட்டியது. கொலாஜ் படத்தை அதன் வரலாற்றிலிருந்து வெட்டுகிறது. இரண்டாவது வெட்டு நல்லெண்ணத்தோடு நடப்பதால் நமக்கு உறைப்பதில்லை.

'பொது' என்ற சொல்லை இங்கே உரசிப் பார்த்தாக வேண்டும். யாருடைய உழைப்பு யாருக்குப் பொதுவாச்சு? அழிந்துவரும் உயிர்களை நினைவூட்டக் காகிதக் காடு எழுப்புகிறவர்கள் வாசலில் ஒரு பெயர்ப்பட்டியல் மாட்டினால் போதும் என்று சிலர் சொல்லக்கூடும். போதாது. பொடி எழுத்துப் பெயர்களும் இலைகளோடு சேர்த்தே கத்தரிக்கப்பட்டு, அந்தக் காட்டுக்குள்ளேயே தொங்க வேண்டும். பெயர் இல்லாதவர்களுக்கு அங்கே வெற்றுத்தாள் தொங்கட்டும்.