உடலாகிய உலகம்: ஒரு சென்னை மரபு

கடந்த பத்தாண்டுகளாகத் திருச்சபைக் கருத்தரங்குகளில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. பூமியை ஆள்வதற்கான உரிமைச் சீட்டாகவே கிறிஸ்தவம் ஆதியாகமத்தைப் படித்துவந்ததாம். 2015இல் போப் பிரான்சிஸ் 'லவுதாத்தோ சி' சுற்றுமடலை வெளியிட்ட பிறகுதான் படைப்பைப் பற்றி யோசிக்கத் தொடங்கியதாம். இதன் முதல் பாதி, லின் ஒயிட் 1967இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையின் எதிரொலி. இரண்டாம் பாதி நம்முடைய மறதி. 1930களின் சென்னையிலேயே படைப்பின் புதுப்பிப்பை இறையியலின் நடுவில் வைத்துப் பேசியவர்கள் இருந்தார்கள். சுற்றுமடலை நானும் மதிக்கிறேன். அதற்காக அவர்களை மறந்துவிட்டு எல்லாவற்றையும் ரோமிலிருந்து தொடங்குவதை ஏற்க முடியவில்லை.

ஆதிகாலக் கதை வாசகர்கள் அறிந்ததுதான். மண்ணும் உடலும் இழிந்தவை என்ற ஞானவாதிகளுக்கு எதிராக, படைத்தவரும் மீட்பவரும் ஒருவரே என்று 2ஆம் நூற்றாண்டில் இரேனியு வாதாடினார். அசிசியின் பிரான்சிஸ் சூரியனையும் தண்ணீரையும் உடன்பிறப்புகளாகப் பாடினார். நம் பக்கத்தில் வீரமாமுனிவர், தேம்பாவணியின் நாட்டுப் படலத்தில் யூதேயாவுக்குத் தமிழ் மருத நிலத்தையே உடுத்திப் பார்த்தார். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சிக்குள் வானியலையும் பூகோளத்தையும் கொண்டுவந்தார்.

பிறகு பார்வை சுருங்கியது. 19ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி பரப்பிய கடைசிக்காலப் போதனை நம் எழுப்புதல் கூட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது: இரகசிய வருகை, சபை எடுத்துக்கொள்ளப்படுதல், பூமி வெந்து உருகிப் போதல். பேதுருவின் இரண்டாம் நிருபத்தில் வரும் நெருப்பு, ரோமர் 8இல் பவுல் கேட்ட படைப்பின் முனகலை விழுங்கிவிட்டது. அம்பத்தூர் தொடங்கி ஆவடி வரை தெருவுக்குத் தெரு இருக்கும் ஜெபவீடுகளில், பிள்ளையின் வேலைக்காகவும் வீட்டுக்கடனுக்காகவும் கண்ணீரோடு மன்றாடும் மக்களின் விசுவாசம் எனக்குப் பெரிது. அவர்களை 'எரியப்போகும் பூமிக்கு ஏரி எதற்கு?' என்ற இடத்தில் கொண்டுபோய் நிறுத்திய போதனையைத்தான் மன்னிக்க முடியவில்லை.

இந்தச் சுருக்கத்துக்கு நடுவே எழுந்த குரல் பி. செஞ்சய்யாவுடையது (1886–1959). வழக்கறிஞர், புதுக்கோட்டை சமஸ்தானத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர், குருப்பட்டம் பெறாதவர். 1938 டிசம்பரில் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியது. அதற்கென ஹென்ட்ரிக் கிரேமர் எழுதிய புத்தகம், மற்றச் சமயங்களுக்கும் கிறிஸ்துவுக்கும் நடுவே பெரும் பள்ளத்தைத் தோண்டியது. செஞ்சய்யாவும், அவருடைய மைத்துனரும் பின்னாளில் சென்னை மேயருமான வி. சக்கரையும், நண்பர்களும் 'ரீதிங்கிங் கிறிஸ்டியானிட்டி இன் இந்தியா' என்ற தொகுப்பால் அதற்குப் பதில் சொன்னார்கள்.

செஞ்சய்யா சொன்னது இன்றும் அதிரவைக்கிறது. இயேசு பழைய மனிதனைப் பழுதுபார்க்க வந்தவர் அல்ல. புதிய படைப்பின் முதல் ஆள். பரிசுத்த ஆவி என்பது பிரபஞ்சத்துக்குள் புதிதாக நுழைந்த ஆற்றல். கும்பகோணம் மாஸ்டர் சி.வி.வி.யின் யோகமும் அரவிந்தரும் அவருக்கு இதில் துணை. பாவமன்னிப்பு என்ற ஒற்றை வாசலுக்குள் முடங்கிக் கிடந்த மீட்பை அவர் அண்டம் முழுவதற்கும் திறந்துவிட்டார். ஆனாலும் எனக்குக் குறை உண்டு. அவருடைய புதுப்படைப்பு, பரிணாமப் படிகளில் மேலே மேலே ஏறுகிறது. அந்தப் படிக்கட்டில் நண்டுக்கும் நாணலுக்கும் வேலை இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்கும் வழியை ஏ. ஜே. அப்பாசாமியிடம் பார்க்கிறேன். பாளையங்கோட்டையில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் யோவான் நற்செய்தியையும் பக்தியையும் ஆராய்ந்து, பின்னாளில் கோவைப் பேராயரானவர். அத்வைதத்தின் பக்கம் சாய்ந்திருந்த இந்திய இறையியலை அவர் இராமானுஜரிடம் திருப்பினார். உயிர் உடலைத் தாங்கி இயக்குவதுபோல இறைவன் உலகைத் தாங்கி இயக்குகிறார். உலகம் அவருக்குச் சரீரம். இந்தச் சரீர-சரீரி உறவைக் கொண்டு அவர் மனித அவதாரத்தையும் திருவிருந்தையும் திருச்சபையையும் விளக்கினார். அமெரிக்காவின் சாலி மெக்ஃபேக் உலகைக் கடவுளின் உடலாகப் பேசிய புத்தகம் 1993இல் வந்தபோது கொண்டாடினோம். அப்பாசாமி அதற்கு அரை நூற்றாண்டு முந்தியவர்.

1980களில் உலகத் திருச்சபை மன்றம் 'நீதி, சமாதானம், படைப்பின் முழுமை' என்று முழங்கியது. வான்கூவர் 1983, சியோல் 1990, கான்பெரா 1991 என்று அறிக்கைகள் குவிந்தன. நல்ல நோக்கம், வறண்ட மொழி. பவுலோஸ் மார் கிரிகோரியோஸ் போன்ற ஒரு சிலரை விட்டால் அந்தக் குவியலில் மண்வாசனை இல்லை. அதே காலத்தில்தான் உண்மையான கேள்வி வேறு பக்கமிருந்து வந்தது. 1981இல் அர்விந்த் நிர்மல், இந்திய இறையியல் என்று நாம் பெருமைப்பட்டதெல்லாம் பார்ப்பனிய மரபோடு நடத்திய உரையாடல்தானே என்று கேட்டார். பின்பு கீழ்ப்பாக்கம் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் தலித் இறையியல் துறைக்குத் தலைமையேற்றார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பரட்டை என்ற தியாஃபிலஸ் அப்பாவு, 'ஒரு உலை' என்று ஊரே சேர்ந்து பொங்கி உண்பதைத் திருவிருந்தின் பொருளாக்கினார். அடி சரியான இடத்தில்தான் விழுந்தது. உலகம் இறைவனின் உடல் என்றால், அந்த உடலில் ஒருவர் தொட்டால் மற்றவருக்குத் தீட்டு எப்படி வரும்? அப்பாசாமி இதை உரக்கக் கேட்கவில்லை.

ஆனால் விடை இராமானுஜரின் வாழ்க்கையிலேயே இருக்கிறது, அதுவும் பூவிருந்தவல்லியில். திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் அது. காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசிய அவர் பிராமணர் அல்லர். அவர் உண்ட மிச்சத்தை உண்ண ஆசைப்பட்டு இராமானுஜர் வீட்டுக்கு அழைத்தார். தாம் இல்லாத நேரத்தில் நம்பி வந்து உண்டு போனதும், மனைவி அந்த இடத்தைக் கழுவித் தானும் குளித்துத் தீட்டுக் கழித்ததைக் கண்டு மனம் உடைந்தார் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. சரீரத் தத்துவத்தையும் இந்தச் சாப்பாட்டுக் கதையையும் சேர்த்து வாசித்தால் அப்பாசாமியும் அப்பாவுவும் ஒரே பந்தியில் உட்காருவார்கள். அதே ஊரில்தான் கத்தோலிக்கர்களின் திரு இருதய குருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதே நெடுஞ்சாலையில் மேற்கே போனால் செம்பரம்பாக்கம், அப்பால் இராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர். இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் பாடத்திட்டத்தின் ஓரத்தில் விடுவது அநியாயம்.

அந்த உடல் இன்று என்ன பாடுபடுகிறது என்று பார்க்கக் கொரட்டூர் ஏரிக்கு வாருங்கள். மழைநீருக்காக வெட்டிய கால்வாயில் அம்பத்தூர்ப் பக்கத்துச் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்து உள்ளே இறங்குகின்றன. நீர் விழும் இடத்தில் நுரை பொங்குகிறது. ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது. அதைத் தாண்டித்தான் நாரைகள் இரை தேடுகின்றன. பசுமைத் தீர்ப்பாயம் வரை போய்ப் போராடியவர்கள் அக்கம்பக்கத்துக் குடியிருப்புவாசிகள். பவுல் சொன்ன முனகலை அவர்கள் மனுக்களாக எழுதியிருக்கிறார்கள். செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை படைப்பின் காலம் என்று மரக்கன்று நட்டுப் படம் எடுத்தால் போதாது. அடுத்த மனுவில் வட்டாரச் சபைகள் தங்கள் பெயரிலேயே கையெழுத்திட வேண்டும். திருவிருந்து ஞாயிறன்று, மன்றாட்டு ஜெபத்துக்கு முன் அதைப் பீடத்திலிருந்து வரிவரியாக வாசிக்கவும் வேண்டும்.