எஸ்.ஆர்.830: உள்ளே வாங்குவதும் வெளியே தருவதும்

இரைச்சலில் புதைந்து கிடக்கும் மிகச் சிறிய சிக்னலைப் பிரித்தெடுக்கும் லாக்-இன் ஆம்ப்ளிஃபயர்களில், இயற்பியல் ஆய்வகங்கள் அதிகம் நம்பியிருப்பது ஸ்டான்ஃபோர்ட் ரிசர்ச் சிஸ்டம்ஸின் எஸ்.ஆர்.830-ஐத்தான். 1 மில்லிஹெர்ட்ஸ் முதல் 102.4 கிலோஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும். 2 நானோவோல்ட்டையே முழு அளவாக வைத்து அளக்கும். இந்த எண்களைப் பலரும் பாராட்டிவிட்டார்கள். நான் எடைபோட விரும்புவது அதில் கேபிள் மாட்டும் பி.என்.சி. இணைப்பிகளை. ஆய்வின் முடிவு அங்கேதான் பாதி தீர்மானமாகிறது.

உள்ளீட்டுப் பக்கம் நேர்த்தியாக யோசிக்கப்பட்டிருக்கிறது. ஏ, பி என இரண்டு இணைப்பிகள். ஒன்றை மட்டும் பயன்படுத்தலாம், இரண்டின் வித்தியாசத்தையும் எடுக்கலாம், மின்னோட்டத்தை நேரடியாகவும் அளக்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது கேபிள் கவசத்துக்கான தேர்வு. 'கிரவுண்ட்' என்றால் கவசம் 10 ஓம் வழியாகவும், 'ஃப்ளோட்' என்றால் 10 கிலோஓம் வழியாகவும் கருவியின் உலோகக் கூட்டோடு இணைகிறது. நேரடி இணைப்பு இரண்டிலும் இல்லை. கிரவுண்ட் லூப் உருவானாலும் அதில் ஓடும் மின்னோட்டத்துக்கு ஒரு தடை காத்திருக்கிறது. ஆய்வாளரின் சிக்கலை வடிவமைப்பாளர் முன்கூட்டியே உணர்ந்த இடம் இது.

உள்ளீட்டின் இம்பீடன்ஸ் 10 மெகாஓம், அதோடு 25 பிகோஃபாரட். இந்த 25-ஐ மட்டும் பார்த்து நிம்மதி அடைபவர்கள் கேபிளை மறந்துவிடுகிறார்கள். சாதாரண கோஆக்சியல் கேபிள் மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் சேர்க்கும். இரண்டு மீட்டர் கேபிளோடு மொத்தம் 225. சாம்பிளின் தடை 100 கிலோஓம் என்றால், 1 கிலோஹெர்ட்ஸிலேயே கட்டம் 8 டிகிரி பின்தங்கும். சிக்னலின் 14 சதவீதம், ரெஃபரன்ஸோடு ஒத்த கட்டத்திலுள்ள எக்ஸை விட்டு, 90 டிகிரி விலகிய ஒய் பக்கத்தில் தோன்றும். அதைச் சாம்பிளின் இயல்பு என்று எடுத்துக்கொண்டால் பிழை ஆய்வுக் கட்டுரை வரை போகும். இதில் கருவியின் குற்றம் எதுவும் இல்லை. கேபிளைக் குட்டையாக்குவது நம் வேலை.

வெளியீட்டுப் பக்கத்தில் அந்த அக்கறையைக் காண முடியவில்லை. சாம்பிளுக்கு மின்னழுத்தம் தரும் 'சைன் அவுட்' ஒற்றை முனை வெளியீடு. அதன் கவசத்துக்கு ஃப்ளோட் தேர்வே கிடையாது. அதன் மிகக் குறைந்த வீச்சு 4 மில்லிவோல்ட். நுண்ணிய சாம்பிள்களுக்கு இது மிக அதிகம் என்பதால் வெளியே ஒரு டிவைடர் கட்டியே தீர வேண்டும். டி.சி. மின்னழுத்தத்தை இதோடு கலக்க வேண்டுமானால் அதற்கும் தனிச் சர்க்யூட். 50 ஓம் சுமையில் மாட்டினால், காட்டும் மதிப்பில் பாதிதான் கிடைக்கும் என்பதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கவசப் பிரச்சினைக்கு வருகிறேன். சாம்பிளைக் குளிர்விக்கும் கிரையோஸ்டாட் தனியே எர்த் ஆகியிருக்கிறது, சைன் அவுட்டின் கவசமும் அதைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்படி உருவாகும் வளையத்தின் பரப்பு 0.1 சதுர மீட்டர், அருகிலுள்ள டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் 1 மைக்ரோடெஸ்லா என்றால், 50 ஹெர்ட்ஸில் சுமார் 31 மைக்ரோவோல்ட் தூண்டப்படும். உள்ளீட்டில் நுழையும் 50 ஹெர்ட்ஸை வெட்ட எஸ்.ஆர்.830-இல் நாட்ச் ஃபில்டர் உண்டு. ஆனால் சாம்பிளுக்குள் பாய்ந்துவிட்ட மின்னோட்டத்தை எந்த ஃபில்டரால் திரும்பப் பெற முடியும்? மில்லிகெல்வின் குளிரில் அது எலக்ட்ரான்களையே சூடாக்கிவிடும். உள்ளீட்டில் வரும் இரைச்சல் அளவீட்டைக் கெடுக்கிறது. வெளியீட்டில் போகும் இரைச்சல் அளக்கப்படும் பொருளையே மாற்றுகிறது. இரண்டில் கொடியது பின்னதுதான், அதற்குத்தான் காவல் குறைவு.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒளி ஆய்வுகளில் சாப்பர் ஒளியை வெட்டுகிறது, ரெஃபரன்ஸ் சிக்னலும் அதிலிருந்தே வருகிறது. சைன் அவுட் சும்மா இருக்கும். அங்கே என் குறை பொருந்தாது. பின்பக்க எக்ஸ், ஒய் வெளியீடுகள் நொடிக்கு 2,56,000 முறை புதுப்பிக்கப்படுவது ஃபீட்பேக் கட்டுப்பாட்டுக்கு நல்ல வசதி. ஆனால் அனலாக் வெளியீட்டில் 10 வோல்ட் என்பது அப்போதைய சென்சிடிவிட்டியின் முழு அளவு. நடுவில் சென்சிடிவிட்டியை மாற்றினால் பதிவாகும் எண்ணின் பொருளும் மாறிவிடும். கணினி இணைப்பான ஜி.பி.ஐ.பி. வழியாக எண்ணை நேரடியாகப் படித்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அந்தக் கேபிள் கணினியின் கிரவுண்டையும் கூடவே இழுத்து வரும்.

அதே நிறுவனம் பின்னர் கொண்டுவந்த எஸ்.ஆர்.860-இல் சைன் வெளியீடு இரட்டை முனையாக, டி.சி. ஆஃப்செட்டோடு வருகிறது. நான் சொல்லும் குறைகளில் சில கற்பனை அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

என் தீர்ப்பு இது: உள்ளீட்டில் எஸ்.ஆர்.830 இன்றும் முதல் தரம், வெளியீட்டில் இரண்டாம் தரம். ஒளி ஆய்வு செய்பவர்கள் தயங்காமல் வைத்துக்கொள்ளலாம். தாழ்வெப்ப மின்கடத்தல் ஆய்வு செய்பவர்கள் சைன் அவுட்டுக்கும் சாம்பிளுக்கும் நடுவில் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்காமல் இதை இயக்கவே கூடாது.