‘தொடர்பு இல்லை’ என்று சொல்வது யார்?

போன சாரல் சீசனில் அச்சன்புதூரில் ஒரு மெக்கானிக்கின் தகரக் கொட்டகையில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். மாமாவின் மினி லோடு வண்டி அங்கே நின்றது. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி, புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகிற வண்டி. ஒருநாள் விடிகாலையில் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. கட்டி இழுத்துக்கொண்டு ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனார்கள். ஸ்கேனர் போட்டார்கள், யு0100 என்று வந்தது. “இசிஎம் போயிருச்சு, புதுசு போடணும்” என்றார்கள். கேட்ட தொகை மாமாவுக்கு மூன்று மாதத் தவணைப் பணம். வண்டி ஓடாத ஒவ்வொரு நாளும் வாடகையும் போச்சு. அவர் யோசித்துவிட்டு, அதே கயிற்றில் கட்டி ஊருக்கே இழுத்து வந்துவிட்டார்.

இந்தக் குறிப்பு அந்த வண்டியைப் பற்றியது மட்டும் இல்லை. திரையில் வந்த அந்த ஒரு வரியைப் பற்றியது. புத்தகத்தை விமர்சிக்கிறோம், சினிமாவை விமர்சிக்கிறோம். பல ஆயிரம் ரூபாய் செலவைத் தீர்மானிக்கிற ஒரு வரியை ஏன் விமர்சிக்கக் கூடாது?

வரி என்ன சொல்கிறது

யு0100 என்பதன் பொருள் “இசிஎம்முடன் தொடர்பு இழப்பு”. இன்றைய வண்டியில் கம்ப்யூட்டர் ஒன்றல்ல. இன்ஜினுக்கு ஒன்று (அதுதான் இசிஎம்), பிரேக்குக்கு ஒன்று, மீட்டர் போர்டுக்கு ஒன்று, கதவு, விளக்கு வேலைகளுக்கு ஒன்று. இவையெல்லாம் முறுக்கிய இரண்டு கம்பிகளில் பேசிக்கொள்கின்றன. அந்த ஏற்பாட்டின் பெயர் கேன் (தண்ணி கேன் இல்லை). ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983-ல் வேலையைத் தொடங்கி 1986-ல் டெட்ராய்ட்டில் அறிமுகப்படுத்தியது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனித்தனிக் கம்பி இழுத்து வயரிங் கட்டை பெருக்க வேண்டாம், எல்லோரும் ஒரே பாதையில் பேசலாம் என்பதுதான் யோசனை.

இசிஎம் விநாடிக்குப் பல முறை இன்ஜின் வேகம், சூடு போன்றவற்றைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தப் பேச்சு ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு வராமல் போனால், காத்திருந்த பிரேக் கம்ப்யூட்டரோ மீட்டர் போர்டோ தன் நினைவில் யு0100 என்று எழுதிவைக்கும்.

கவனிங்க. இதை எழுதுவது பெரும்பாலும் இசிஎம் இல்லை. மற்றவர்கள் அதைப் பற்றி எழுதுகிறார்கள்.

உங்கள் நண்பருக்குப் போன் போடுகிறீர்கள். “தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்” என்று வருகிறது. அவர் மேக்கரைப் பக்கம் மலையோரத்தில் இருக்கலாம், போனில் சார்ஜ் இறங்கியிருக்கலாம், டவரில் கோளாறு இருக்கலாம். போன் உடைந்தே போயிருக்கலாம். முதல் அழைப்பிலேயே “அவர் போன் உடைஞ்சிருச்சு, புதுசு வாங்கிக் கொடுங்க” என்று யாரும் முடிவு பண்ண மாட்டோம். வண்டியில் மட்டும் அதைத்தான் பண்ணுகிறோம்.

என் முதல் குற்றச்சாட்டு இந்த வரியின் அமைப்பின் மீது. “தொடர்பு இல்லை” என்கிறது, யார் சொன்னார் என்பதைத் தனக்குள் வைத்துக்கொள்ளவில்லை. விலை மலிந்த ஸ்கேனர்கள் எல்லாக் கோடுகளையும் ஒரே பட்டியலாகக் கொட்டிவிடும். எந்தக் கம்ப்யூட்டர் எழுதியது, இப்போது இருக்கும் கோளாறா பழையதா என்ற விவரம் பின்னால் போய்விடும். சாட்சியின் பெயரை அழித்துவிட்டு வாக்குமூலத்தை மட்டும் கையில் கொடுத்தால் எந்த நீதிபதியும் குழம்புவார்.

எப்படி வாசிப்பது

மெக்கானிக் அண்ணாச்சி சொன்னதை அப்படியே தருகிறேன். “டூல் சொல்லுதத அப்படியே நம்பப்படாது தம்பி. யாரு சொல்லுதான்னு மொதல்ல பாக்கணும்.”

அவருடைய ஸ்கேனரும் பெரிய விலை டூல் இல்லை. ஆனால் ஒவ்வொரு கம்ப்யூட்டராகத் திறந்து பார்த்தார். பிரேக் பேசியது, மீட்டர் போர்டு பேசியது. இரண்டும் யு0100 என்றன, ஆனால் ஒன்றைப் பற்றி ஒன்று புகார் சொல்லவில்லை. அப்படியானால் பாதையின் பெரும்பகுதி சரி. கோளாறு இசிஎம்மிலோ, அதற்குப் போகிற கிளையிலோ இருக்கிறது. பாதையே படுத்திருந்தால் ஸ்கேனர் பெரும்பாலும் யாரிடமும் பேச முடியாமல் நின்றிருக்கும்.

அடுத்து பேட்டரி வோல்டேஜ். ஸ்டார்ட் செய்யும்போது வோல்டேஜ் மிகவும் இறங்கினாலே இசிஎம் ஒரு கணம் மயங்கி இந்தக் கோடு பதிவாகலாம். பேட்டரி நன்றாக இருந்தது.

பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் மாட்டுகிற பதினாறு கால் சாக்கெட்டில் 6-க்கும் 14-க்கும் நடுவே மீட்டரை வைத்தார். 60 ஓம்ஸ் அளவில் காட்டியது. கேன் பாதையின் இரு முனையிலும் 120 ஓம்ஸ் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும், இரண்டும் சேர்ந்தால் 60. மீட்டர் 120 காட்டினால் ஒரு முனை அறுந்திருக்கிறது, பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு கம்பியும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. (நடுவில் கேட்வே உள்ள வண்டிகளில் இந்த அளவு அந்தத் துண்டுக்கு மட்டும்தான் பொருந்தும்.) இங்கே பாதை சரி.

மிச்சம் இருப்பது சாப்பாடு. இசிஎம்முக்கு கரண்ட் வருகிறதா, எர்த் இருக்கிறதா? பியூஸ் சரி, மெயின் ரிலே சரி. எர்த் வயரை ஓம்ஸில் பார்த்தால் அதுவும் நல்லதாகத்தான் காட்டியது. நானாக இருந்தால் அங்கேயே விட்டிருப்பேன். அவர் இசிஎம் கனெக்டரைக் கழற்றி, மெயின் சப்ளைக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு பழைய ஹெட்லைட் பல்பைக் கொடுத்தார். பல்ப் மங்கலாக எரிந்தது. எர்த் பக்கம் மட்டும் மூன்று வோல்ட்டுக்கு மேல் விழுந்திருந்தது.

“ஓம்ஸ் மீட்டரு சும்மா தொட்டுப் பாக்கும். ஒத்த இழை இருந்தாலும் நல்லாருக்குன்னுதான் சொல்லும். சுமையத் தூக்கச் சொன்னாத்தான தெரியும்?” என்றார்.

பேட்டரித் தட்டுக்குக் கீழே, சேஸில் போல்ட் போட்ட இடத்தில் எர்த் லக். வெளியே பச்சையாகக் களிம்பு. உள்ளே இழைகள் பொடியாக உதிர்ந்தன. புது லக், சேஸைச் சுரண்டிச் சுத்தம் பண்ணி போல்ட், மேலே கிரீஸ். வண்டி பிடித்துக்கொண்டது. இசிஎம்முக்கு ஒன்றும் இல்லை.

கடைசிக் கட்டத்தின் ஆபத்து

சர்வீஸ் மேனுவல்களில் இந்தக் கோடுக்கு ஒரு கட்டப் படம் இருக்கும். சப்ளையைப் பார், எர்த்தைப் பார், கேன் கம்பியைப் பார். எல்லாம் சரியென்றால் கடைசிக் கட்டம்: இசிஎம்மை மாற்று. படம் தவறில்லை. ஆனால் அது ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறது, சோதிக்கும் நேரத்தில் கோளாறு அங்கே இருக்கும் என்று.

நம்ம ஊர்ச் சாரல் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. காலையில் ஈரம் இருக்கும்போது தொடர்பு போகும். மதியம் வெயில் வந்தால் எல்லா அளவும் சரியாக இருக்கும். அண்ணாச்சியின் கொட்டகையிலும் மதியம் இசிஎம் பேச ஆரம்பித்துவிட்டது. அவர் மகிழவில்லை. வயரிங் கட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டி, மறுபடி பேச்சு நிற்கும் இடத்தைத் தேடினார். பேட்டரித் தட்டுப் பக்கம் ஆட்டியதும் நின்றது. எங்கே தோண்டவேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. கட்டப் படத்தோடு மட்டும் போகிறவர் அந்த மதியத்தில் எல்லாவற்றுக்கும் ‘சரி’ போட்டுக் கடைசிக் கட்டத்துக்கு வந்து சேர்ந்திருப்பார். இசிஎம்மை மாற்றக் கனெக்டரைக் கழற்றி மாட்டும்போது வயர் அசைந்து, கொஞ்ச நாள் ஓடவும் செய்யும். பிறகு அடுத்த சாரலுக்கு மறுபடி நிற்கும்.

கருவி கொடுத்தால் போதுமா?

சர்வீஸ் சென்டர் பையனைத் திட்டி இந்தக் கட்டுரையை முடிப்பது சுலபம். அது நியாயமில்லை. வரிசையில் பத்து வண்டி நிற்கும்போது எர்த் லக்கைத் தேட அரை நாள் யாரும் அவனுக்குத் தரமாட்டார்கள். பாகம் மாற்றுவதற்கு பில்லில் இடம் இருக்கிறது, யோசிப்பதற்கு இல்லை.

வெளி மெக்கானிக்குகளின் நிலைமை வேறு மாதிரி. 2011-ல் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் இந்தியப் போட்டி ஆணையத்தில் ஒரு புகார் கொடுத்தார். கார் கம்பெனிகள் உதிரி பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் தங்கள் டீலர்களுக்கு மட்டும் கொடுக்கின்றன, வெளியே ரிப்பேர் பார்க்க முடியவில்லை என்று. 2014 ஆகஸ்ட் 25-ல் ஆணையம் 14 கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பாகங்களும் கருவிகளும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்கும் கிடைக்கவேண்டும் என்றது. மேல்முறையீட்டில் அபராதத் தொகை பற்றிய சண்டை நீண்டது. 2022 ஜூலையில் மத்திய அரசு ‘பழுதுபார்க்கும் உரிமை’க்காக அமைத்த குழுவின் பட்டியலிலும் வாகனங்கள் இருந்தன.

அந்த ஆணை முக்கியமானது, சந்தேகமில்லை. என் குறை ஒன்றுதான். அது கருவியைப் பற்றிப் பேசிய அளவுக்கு, கருவி சொல்வதை வாசிக்கத் தேவையான விவரங்கள் பொதுப் பேச்சில் இடம் பிடிக்கவில்லை. அண்ணாச்சியிடம் ஸ்கேனர் இருந்தது. இல்லாதது அந்த வண்டியின் வயரிங் படம். எந்த எர்த் எந்த இடத்தில் போல்ட் ஆகிறது என்று படத்தில் ஒரு பார்வையில் தெரிந்திருக்கும். அவர் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்துத் தேடினார்.

கம்பெனிகள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. புது இசிஎம்மை இம்மொபிலைசரோடு சேர்க்கும் ரகசியத்தை ஊரெல்லாம் கொடுத்தால் திருடனுக்கும் கிடைக்கும். புகைக் கட்டுப்பாட்டு மென்பொருளை யார் வேண்டுமானாலும் மாற்றினால் 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 விதிக்கு அர்த்தமில்லை. இரண்டும் சரி. ஆனால் எர்த் போல்ட் எங்கே இருக்கிறது என்பதில் என்ன ரகசியம்? பூட்டவேண்டியதையும் பூட்டவேண்டாததையும் ஒரே பெட்டியில் வைத்துப் பூட்டுவதைத்தான் நான் ஏற்கவில்லை.

படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யாராவது “இசிஎம் போயிருச்சு” என்றால் சண்டை போட வேண்டாம். மூன்று விஷயத்தைத் தாளில் எழுதிக் கேளுங்கள். இந்தக் கோடை எழுதியது எந்த மாட்யூல்? சுமை கொடுத்துப் பார்த்தபோது இசிஎம் கனெக்டரில் சப்ளை எத்தனை வோல்ட்? எர்த்தில் எவ்வளவு விழுந்தது? இந்த மூன்றுக்கும் எண்ணோடு பதில் வந்தால், இசிஎம் உண்மையிலேயே போயிருக்க வாய்ப்பு உண்டு. அதுவும் நடக்கும். தண்ணீர் புகுந்து போர்டு அரித்துப்போனவற்றை அண்ணாச்சியே ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறார்.

பில் கேட்டபோது அவர் லக்குக்கும் அரை நாள் கூலிக்கும் மட்டும் சொன்னார். மாமா கூடக் கொடுத்தார். “இருக்கட்டும் அண்ணாச்சி, லோடு ஏத்துற நேரமாச்சு, கெளம்புங்க” என்று ஒரு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த வண்டியின் போனட்டைத் திறக்கப் போய்விட்டார்.