ஸ்கீமில் இருந்து சி-க்கு அணி அனுப்புதல்: முகவரி மட்டும் போதுமா?

பாபநாசம் அணையின் உச்ச நீர்மட்டம் 143 அடி. ஒரு வருஷத்து தினசரி நீர்மட்டத்தை எடுத்துக்கிட்டா 365 எண்கள். இதை ஸ்கீம் நிரலில் வச்சிருக்கோம். சராசரி போட ஒரு சி ஃபங்ஷன் இருக்கு. அது கேட்பது ரெண்டுதான்: முதல் எண் இருக்கும் முகவரி, மொத்தம் எத்தனை எண்கள்.

ஸ்கீமின் சாதாரண வெக்டரை அப்படியே கொடுக்க முடியாது. அதில் எண், சரம், பட்டியல் எது வேணும்னாலும் கலந்து கிடக்கலாம். அதனால ஒவ்வொரு அறையிலும் ஸ்கீமுக்கு மட்டுமே புரியும் அடையாளம் ஒட்டியிருக்கும். சி-க்குத் தேவை வரிசையா அடுக்கிய 8 பைட் எண்கள். மார்க் ஃபீலி எழுதி 1999-ல் வந்த எஸ்ஆர்எஃப்ஐ-4 இதுக்குத்தான் எஃப்64வெக்டரைக் கொடுத்தது. இதுவரை நல்லது. இனி என் குறைகள்.

முதல் குறை கைல் மேல. அதன் எஃப்எஃப்ஐ-யில் எல்லா பாயிண்ட்டருக்கும் ஒரே நட்சத்திரக் குறிதான். உள்ளே இருப்பது டபுளா, இன்ட்டா என்று அது கேட்பதில்லை. நீளமும் நம்ம பொறுப்பு. பைட்வெக்டரின் நீளத்தைக் கேட்டா 2920 என்று வரும். அது பைட் கணக்கு. அதையே எண்ணிக்கையா அனுப்பிட்டா, சி 365-ஐத் தாண்டி அடுத்த வீட்டுச் சரக்கையும் சேர்த்துக் கூட்டும். நிரல் விழுந்தா அதிர்ஷ்டம். விழாம ஒரு எண்ணைத் தந்தா, அதை நம்பி வரைபடம் போட்டிருப்போம்.

சிக்கன் ஒரு படி மேல. எஃப்64வெக்டர் என்று வகையைச் சொல்லியே ஃபங்ஷனை அறிவிக்கலாம். வேற வகை வந்தா அங்கேயே தடுத்துடும். ஆனா நீளத்தை அதுவும் தானா சேர்த்து அனுப்பாது.

ரெண்டாவது சிக்கல் இன்னும் ஆழம். சிக்கன், ஷே ரெண்டிலும் குப்பை சேகரிப்பான் பொருட்களை இடம் மாத்தும். கீழ ரத வீதியில் குடியிருந்தவர் மேல ரத வீதிக்குப் போயிட்டார். சி பழைய கதவு எண்ணை வச்சிக்கிட்டுத் தட்டுது. அழைப்பு முடிஞ்ச பிறகும் சி அந்த முகவரியைச் சேமிச்சு வச்சா இதுதான் கதி. நடுவில் சி திரும்ப ஸ்கீமைக் கூப்பிட்டாலும் இதே ஆபத்து. ஷேயின் கையேடு இதை வெளிப்படையாச் சொல்லுது. பொருளை நகராமப் பூட்டவும் வழி தருது. பாராட்டணும்.

தரநிலைகள்? 2007-ன் ஆர்6ஆர்எஸ், 2013-ன் ஆர்7ஆர்எஸ் ரெண்டும் பைட்வெக்டரைத் தந்தன. எஃப்எஃப்ஐ பற்றிப் பேசவே இல்லை. அதனால ஒரு ஸ்கீமில் எழுதிய இணைப்பு இன்னொன்றில் ஓடாது.

நான் சொல்வது இதுதான்: ஒவ்வொரு சி ஃபங்ஷனுக்கும் ஸ்கீம் பக்கம் ஒரு சின்ன உறை எழுதுங்க. அது எஃப்64வெக்டரை மட்டும் வாங்கட்டும், எண்ணிக்கையை அதுவே கணக்கிட்டு அனுப்பட்டும். சி அந்த அணியை வச்சுக்கப் போகுதுன்னா, மல்லாக்கில் இடம் எடுத்து நகலைக் கொடுங்க. யார் ஃப்ரீ பண்ணுவது என்பதையும் உறையின் தலையிலேயே எழுதிடுங்க. நீளமும் ஆயுளும் சேராத முகவரி பாதி விலாசம்தான்.